மூன்று நாளில் நாற்பது அட்டைகள்

“கண்ணு தெரியலையா? கொஞ்சம் பார்த்துத் தள்ளக் கூடாதா?”

கத்தியது லோஷினிதான். தன் குரல் அத்தனை உரக்க வரும் என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

மாசாய் ஊரில் அக்டோபர் மழை யாரிடமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கொட்டும். அந்தத் திங்கட்கிழமை மத்தியானமும் அப்படித்தான்... அம்மாவின் காரிலிருந்து இறங்கி டயாலிசிஸ் நிலையத்தின் வாசலுக்கு ஓடினாள். பக்கத்திலிருந்து அவசரமாக வந்த ஒரு சக்கர நாற்காலி அவள் மேல் மோதியது. கையிலிருந்த பை நழுவி, நிரம்பி ஓடிய சாக்கடையில் போய் விழுந்தது.

பைக்குள் இருந்தவை காகிதங்கள். பூப்போட்டவை, கட்டம் போட்டவை, மயில் நீலத்தில் தங்கப் புள்ளி வைத்தவை... ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வாங்கியவை.

“சாரிங்க... அப்பா நனைஞ்சிடுவாருன்னு...”

நாற்காலியைத் தள்ளிவந்தவன் பேச்சை முடிக்கவில்லை. அதில் இருந்த பெரியவரைக் கூரைக்கு அடியில் விட்டுவிட்டு, ஓடிப்போய் சாக்கடைக்குள் இறங்கினான். முழங்கால் வரை தண்ணீர். பையை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினான். உள்ளேயிருந்து சிவப்பும் நீலமும் கரைந்து அவன் விரல்களில் வழிந்தன.

அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். நீளமான இமைகள். அவற்றில் மழை துளித்துளியாக நின்றது. திட்டு வாங்கிய சின்னப் பிள்ளையின் கண்கள்...

‘இவனைப் போய் எப்படி இன்னும் திட்டுவது?’

“பரவால்ல. தூக்கிப் போட்டுடுங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

லோஷினிக்கு இருபத்தொன்பது வயது. மூன்று வருடங்களுக்கு முன்னால் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. அப்போது அவளுக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சண்டை போடவில்லை, குறை சொல்லவில்லை... போன் செய்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அம்மாவின் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தவில்லை. அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி, மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை அவளுடைய இடது கை இயந்திரத்துக்குச் சொந்தம். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. வலது கை மட்டும் அவளுடையது.

முதல் வருடம் தீபாவளி ஒரு திங்கட்கிழமை வந்தது. ஊரெல்லாம் பட்டாசு வெடிக்க, அவள் ஊசியோடு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அடுத்த வருடத்திலிருந்து அங்கே சிகிச்சைக்கு வரும் நாற்பது பேருக்கும் தீபாவளி வாழ்த்து அட்டை செய்து, அவரவர் நாற்காலியில் வைக்க ஆரம்பித்தாள். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று பார்ப்பதில்லை. எல்லாருக்கும் ஒன்று. இந்த வருடம் இரண்டு வாரம் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்ததில் வேலையே தொடங்கவில்லை. வருகிற ஞாயிறு தீபாவளி. இருந்த காகிதமும் சாக்கடையில் போய்விட்டது.

ஊசி ஏறியபோது வழக்கமாகக் கண்ணை மூடிக்கொள்வாள். அன்று மூடவில்லை. பக்கத்து நாற்காலிக்கு அந்தப் பெரியவரைத்தான் கொண்டு வந்தார்கள்.

“இவரு தங்கராஜு அங்கிள். இனிமே நம்ம சென்டர்தான்,” என்றார் பிரேமலா மிஸ்ஸி. அங்கே எல்லாருக்கும் தாய் மாதிரியான நர்ஸ் அவர்.

“ஏம்மா,” என்று பெரியவர் அவள் பக்கம் திரும்பினார். “என் மகன நல்லா திட்டுன. எனக்கு ரொம்ப சந்தோசமா இருந்துச்சு. வீட்டுல அவன்தான் என்ன திட்டிக்கிட்டே இருப்பான்... தண்ணி குடிக்காத, உப்பு சாப்பிடாதன்னு!”

லோஷினி சிரித்துவிட்டாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நனைந்த சட்டையோடு நின்றவன் அந்தச் சிரிப்பைப் பார்த்தான். சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் பெயர் ரூபேந்திரன். பாசிர் கூடாங்கில் ஒரு எண்ணெய் ஆலையில் குழாய் பொருத்தும் வேலை.

புதன்கிழமை ஒரு பெரிய சுருளோடு வந்து நின்றான்.

“என்னாலதானே போச்சு... அதான் வாங்கிட்டு வந்தேன்.”

லோஷினி வலது கையால் பிரித்தாள். உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் நூறு கரடிப் பொம்மைகள். ஒவ்வொன்றின் கையிலும் ஒரு பலூன்.

“தீபாவளிக்குக் கரடியா?”

“அலமாக்... டிசைன் பேப்பர்தானே நனைஞ்சுது? கடையில கேட்டேன், இதத்தான் குடுத்தான்.”

“இது பரிசு சுத்துற பேப்பர்ங்க! குழாய எல்லாம் எப்படித்தான் பார்த்து மாட்டுறீங்களோ...”

“அது பேசாதுங்க. திட்டாது.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு, தன் பையிலிருந்து வேறொரு கட்டை எடுத்தாள். அம்மா நேற்று தேடிப் பிடித்து வாங்கி வந்திருந்த பூக்காகிதங்கள், ஏழெட்டு விதம். “பரவால்ல, கரடியும் இருக்கட்டும். மெல்லிசா வெட்டுனா யாருக்கும் தெரியாது. இங்க வர்ற நாப்பது பேருக்கும் வெள்ளிக்குள்ள தீபாவளி அட்டை செய்யணும்.”

“மூணு நாள்ல நாப்பது அட்டையா? முடியுமா?”

“ஒவ்வொண்ணா செஞ்சாதான் முடியாது.”

அவள் செய்யும் முறை சுலபமானது. காகிதங்களை அகலம் குறைந்ததும் கூடியதுமாக நாடா நாடாவாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு முழு வெள்ளைத் தாளில் அவற்றைப் பக்கம் பக்கமாக இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். காய்ந்ததும் தாளைத் திருப்பி, குறுக்கே எட்டுத் துண்டாக வெட்டினால் போதும்... ஒவ்வொரு துண்டிலும் எல்லா நிறமும் வந்துவிடும். மடித்த அட்டையின் முன்னால் ஒரு துண்டை ஒட்டினால் அட்டை தயார். ஒரு தாளுக்கு எட்டு. ஐந்து தாளுக்கு நாற்பது.

ஒட்டுவதை ஒற்றைக் கையால் செய்துவிடலாம். வெட்டத்தான் இரண்டு கை வேண்டும்.

“கத்தி கித்தி எல்லாம் டியூப் பக்கத்துல வேணாம்லா,” என்று பிரேமலா மிஸ்ஸி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் வெட்டும் வேலை ரூபேந்திரனுக்குப் போனது. ஜன்னலோர மேசையில் இரும்பு அளவுகோலோடு உட்கார்ந்தான். முதல் தாளை வெட்டி நீட்டியபோது, ஓரம் பாம்பு போல் நெளிந்திருந்தது.

“இது என்ன, கோத்தா திங்கிக்குப் போற ரோடா?” என்றாள்.

“நீங்க பார்த்துக்கிட்டே இருந்தா கை எப்படி நேரா போகும்?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது. காது சிவந்தது. லோஷினி அவசரமாகப் பசையைத் தேடினாள். பசை அவள் மடியிலேயே இருந்தது.

தங்கராஜு கண்ணை மூடித் தூங்குவது போல் பாவனை செய்தார்.

இரண்டு மணிக்கு அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கியது. அடிக்கடி நடப்பதுதான். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, நாடாக்கள் மடியிலிருந்து சரிந்தன. மிஸ்ஸி வந்து நாற்காலியைச் சாய்த்தார். மயக்கம் தெளிந்து அவள் கண் திறந்தபோது, தரையில் சிதறிய நாடாக்களை ரூபேந்திரன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அகலவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். ‘என்ன ஆச்சு, பரவாயில்லையா, ஐயோ பாவம்’ என்று எதையும் கேட்கவில்லை. ஒரு சின்ன ஐஸ் கட்டியை மட்டும் கரண்டியில் நீட்டினான்.

“அப்பாவுக்கு இதுதான் பிடிக்கும்.”

அவள் வாய் திறந்து வாங்கிக்கொண்டாள். ஐஸ் கரைவதற்குள் கண் கலங்கிவிட்டது... ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு நாற்பதாவது அட்டை முடிந்தது. ஒரு அட்டையில் மட்டும் கரடியின் காது எட்டிப் பார்த்தது. தங்கராஜு அதைத்தான் தனக்கு வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டார்.

தீபாவளி போனது. ரூபேந்திரன் வருவது நிற்கவில்லை. வாரத்தில் மூன்று மத்தியானமும் ஓய்வாக இருக்கும்படி ஷிஃப்ட்டை மாற்றி வாங்கியிருந்தான். கிறிஸ்துமஸ் அட்டை செய்தார்கள், பிறகு பொங்கல் அட்டை. அவன் கை நேராக வெட்டப் பழகியது. அவள் திங்கட்கிழமைகளை எதிர்பார்க்கப் பழகினாள். ஊசிக்காக ஒரு நாளை எதிர்பார்ப்பவள் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வாள். அவன் அவளை ‘லோஷினி’ என்றான். அவள் அவனை ‘ரூபன்’ என்றாள். அதற்கு மேல் இருவரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

பொங்கல் முடிந்து நான்காம் நாள், புதன்கிழமை. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

மிஸ்ஸி அருகில் வந்து அவள் தோளில் கை வைத்தார். “தங்கராஜு அங்கிள் காலையில போயிட்டாரும்மா. தூக்கத்துலயே... மகன்தான் எழுப்பப் போயிருக்கான்.”

இயந்திரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அழுதால் நாற்காலி குலுங்கும், ஊசி நகரும். அழாமல் நான்கு மணி நேரம் கிடந்தாள். அதைவிட நீளமான நான்கு மணி நேரம் அவள் வாழ்க்கையில் வந்ததில்லை. அடுத்த புதன்கிழமை அந்த நாற்காலியில் அய்யூப் பாய் என்று வேறொரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வரிசையில் அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். அங்கே எந்த நாற்காலியும் ஒரு வாரத்துக்கு மேல் காலியாக இருப்பதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், லோஷினியின் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். அதே நீளமான இமைகள்.

“நான் ஷாமளா. ரூபனோட அக்கா.”

உள்ளே வந்து உட்கார்ந்தாள். கையிலிருந்த பழப் பையை மேசையில் வைத்தாள், திரும்ப எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

“ரூபன் நேத்து என்கிட்ட சொன்னான், உன்கிட்ட பேசப் போறேன்னு. நீ நல்ல பொண்ணுன்னு எனக்குத் தெரியும்மா. அப்பா உன்ன பத்தியேதான் பேசிக்கிட்டு இருப்பாரு. நான் குறை சொல்ல வரல...”

“சொல்லுங்கக்கா.”

“ஆறு வருசம்மா. அம்மா செத்ததுக்கு அப்புறம் அவன் ஒருத்தனாதான் அப்பாவ தூக்கி, குளிப்பாட்டி, கூட்டிட்டுப் போயி... நான் கல்யாணம் பண்ணி சிகாமட் போயிட்டேன். ரெண்டு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு என்னால ஒண்ணும் செய்ய முடியல. அவனுக்குப் பேசி வந்த ரெண்டு சம்பந்தமும் அப்பாவ காரணம் காட்டியே நின்னு போச்சு. அவனுக்கு இப்ப முப்பத்து மூணு...” ஷாமளாவின் குரல் உடைந்தது. “மறுபடியும் அவன் அந்த மெஷின் பக்கத்துல உட்காரணுமாம்மா? மறுபடியும் ஒரு நாள் காலையில அவன்தான் எழுப்பிப் பார்க்கணுமா?”

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா கிருஷ்ணம்மாவின் கை நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடியது.

“வேணாங்கக்கா,” என்றாள் லோஷினி. “நான் பார்த்துக்கறேன்.”

ஷாமளா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். லோஷினி அழவில்லை. அவளுக்கு ரோஷம் அதிகம். தன்னை யாரும் சுமையாக நினைக்கும்படி விடக் கூடாது என்று மூன்று வருடமாகக் கட்டிக் காத்த ரோஷம்...

அடுத்த வெள்ளிக்கிழமை ரூபேந்திரன் வந்தான். மொட்டை அடித்த தலை. இளைத்த முகம். சிகிச்சை முடிந்து அவள் வெளியே வரும்வரை வாசலிலேயே நின்றான்.

“லோஷினி... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“வேணாம், ரூபன்.”

“நான் என்ன சொல்ல வர்றேன்னு...”

“தெரியும். எனக்கு உங்க மேல அப்படி ஒண்ணும் இல்ல. அங்கிளுக்காகத்தான் பேசினேன். அவருக்குப் பொழுது போகணுமேன்னு...”

 சொல்லும்போது அவள் முகம் அசையவில்லை. அவன் அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். நம்பினானா, நம்பவில்லையா... தெரியவில்லை.

“சரிங்க,” என்றான். “உடம்ப பார்த்துக்குங்க.”

அவன் மோட்டார் சைக்கிள் திருப்பத்தில் மறையும்வரை நின்றிருந்தாள். பிறகு அம்மாவின் காரில் ஏறி, சீட் பெல்ட்டைக்கூடப் போட முடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த வாரமே செவ்வாய், வியாழன், சனி காலைக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சீனப் பெருநாள் வந்தது, நோன்புப் பெருநாள் வந்தது. அவள் எந்த அட்டையும் செய்யவில்லை. மூன்று மாதம் அப்படியே போனது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பிரேமலா மிஸ்ஸி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். “திங்கக்கிழமை ரூபன் வருவான்லா, அவன் உங்கள கார்லேர்ந்து தூக்கி இறக்கிடுவான். பயப்படாதீங்க.”

லோஷினி சட்டென்று தலையைத் திருப்பினாள்.

“மிஸ்ஸி... எந்த ரூபன்?”

“நம்ம தங்கராஜு அங்கிள் மகன்தான். தெரியாதா உனக்கு? பிப்ரவரியிலேர்ந்து வர்றானே. மத்தியான செட்டுல நடக்க முடியாதவங்க ஒம்பது பேரு. தூக்கி விடறான், தள்ளிட்டு வர்றான், நாலு மணிக்குத் திரும்ப ஏத்தி விடறான். சம்பளமா கிம்பளமா... ஒண்ணும் கிடையாது.”

“நான் காலைக்கு மாறினது...”

“அவனுக்குத் தெரியும். ஒரு நாளும் உன்ன பத்திக் கேட்டதில்ல. நான்தான் கேட்டேன், ஏன்டா, அப்பாதான் போயிட்டாரே, இங்க எதுக்கு வர்றேன்னு. ‘இங்க வந்தாதான் மிஸ்ஸி எனக்கு மூச்சு வருது’ன்னான்.”

லோஷினி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவனை இந்த இடத்திலிருந்து விடுதலை செய்துவிட்டதாக நினைத்திருந்தாள். அந்த ஒரு நினைப்பில்தான் இந்த மூன்று மாதத்தையும் தாங்கியிருந்தாள். அவனோ தானாகவே திரும்பி வந்திருக்கிறான்... அவளைப் பார்க்க வழியே இல்லாத நேரத்தில்.

‘அவனுக்கு எது நல்லது என்று ஷாமளா அக்கா முடிவு செய்தார். நான் முடிவு செய்தேன். அவனை யார் கேட்டோம்?’

திங்கட்கிழமை மத்தியானம், மூன்று வருடத்தில் முதல் முறையாக, ஊசிக்காக இல்லாமல் அந்த வாசலில் போய் நின்றாள். அனல் அடித்தது. தார்ச்சாலையில் கானல் நெளிந்தது. ரூபேந்திரன் ஒரு காரிலிருந்து அய்யூப் பாயைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, அவர் கால்களை மெதுவாகப் பலகை மேல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் அவளைப் பார்த்தான்.

“லோஷினி? உடம்புக்கு என்ன? இன்னிக்கு உங்க நாள் இல்லையே...”

“நான் பொய் சொன்னேன், ரூபன்.”

அவன் சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டான்.

“அங்கிளுக்காக மட்டும் பேசல. நான்... பயந்துட்டேன். ஆறு வருசம் நீங்க பட்டது போதும்னு நினைச்சேன். இன்னொரு ஆளுக்கு நர்ஸ் வேலை பார்க்க...”

“நர்ஸ் வேலையா?” அவன் குரல் தடுமாறியது. “அக்கா வந்து உங்ககிட்ட பேசினது எனக்குத் தெரியும். போன வாரம்தான் அழுதுக்கிட்டே சொன்னாங்க. உங்ககிட்ட வரலாமான்னு ஏழு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்... ஆறு வருசம் நான் அப்பாவ சுமந்தேன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் சுமக்கல லோஷினி. நான் அப்பாகூட இருந்தேன். டாம் காய் நகர்த்தி ஆடுவோம், அவரு கள்ள ஆட்டம் ஆடுவாரு. தண்ணி திருடிக் குடிப்பாரு, நான் கத்துவேன். அந்த ஆறு வருசத்துக்குப் பதிலா வேற ஆறு வருசம் யாராவது குடுத்தாலும் நான் வாங்கிக்க மாட்டேன்.”

அவள் கண்கள் நிறைந்தன. துடைக்கவில்லை.

“எனக்கு எத்தனை நாள்னு தெரியாது. பத்து வருசம் இருக்கலாம். ரெண்டு வருசம்கூட இல்லாம போகலாம். நல்ல நாளும் உண்டு, எழுந்திரிக்க முடியாத நாளும் உண்டு. பிள்ளை பெத்துக்க முடியுமான்னும் தெரியாது. இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு...”

“தம்பி,” என்றார் அய்யூப் பாய், நாற்காலியிலிருந்து. “என்னைய உள்ள விட்டுட்டு வந்து பேசலாம்ல?” பிறகு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி சரி... பேசுங்க. அஞ்சு நிமிசம் லேட்டானா மெஷின் கோவிச்சுக்கவா போகுது?”

ரூபேந்திரன் சிரிக்க முயன்றான். முடியவில்லை. கண்ணீர்தான் வந்தது.

“பயமாதான் இருக்கு,” என்றான் மெல்ல. “அப்பாவ எழுப்பப் போன காலை இருக்கே... அது இன்னொரு தடவை வரும்னு நினைச்சா ராத்திரி தூக்கமே வர்றதில்ல. பயமில்லன்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க வேணாம்னு சொன்ன அன்னிலேர்ந்து தினமும் காலையில எழுந்திரிக்கறதே எனக்கு அப்படித்தான் இருக்கு. அதுக்கு, உங்ககூட இருந்து பயந்துக்கறேனே...”

அவள் அவனருகில் வந்தாள். மழிக்கப்பட்ட தலையில் முடி குட்டையாக முளைத்திருந்தது. அழுத கண்கள், வெயிலில் கறுத்த முகம். மூன்று மாதமாக மனதில் மட்டும் பார்த்த முகம்.

“எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு, ரூபன்,” என்றாள். “இத அன்னிக்கே சொல்லியிருக்கணும். மூணு மாசத்த வீணாக்கிட்டேன். என்கிட்ட அவ்வளவு மாசம் கிடையாதுன்னு தெரிஞ்சும்...”

அவன் அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டான், ஊசித் தழும்புகள் மேல் விரல் அழுந்தாமல்.